வாடகை வீட்டுக்குப் பட்டியல் உண்டு, லயத்துக்கு இல்லை

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புது தில்லி: குழாயின் வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது, கதவின் தாழ்ப்பாள் உடைந்தால் யார் செலவு செய்வது என்பது வரை வரிசைப்படுத்தி, வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தது மத்திய அரசின் மாதிரி வாடகைச் சட்டம். அதே சட்டத்தில் உள்ள ஒரு வரி, இடுக்கி மாவட்டம் பள்ளிவாசல் முதல் பாலக்காடு மாவட்டம் நெல்லியாம்பதி வரை தோட்ட லயங்களில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர்களை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

லயத்தின் கூரைத் தகரம் பெயர்ந்தால் அதை மாற்ற வேண்டியது தோட்ட நிர்வாகமா, குடியிருப்பவரா? முப்பது ஆண்டுகள் குடியிருந்து ஓய்வு பெறும் நாளில், சுவரில் விழுந்த விரிசலுக்கும் உளுத்துப்போன ஜன்னலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்? அவர் தம் சொந்தப் பணத்தில் போட்ட சிமென்ட் தரைக்கும், பொருத்திய தகரத்துக்கும் மதிப்பு உண்டா?

சிறியவையாகத் தோன்றும் இக்கேள்விகளுக்கு 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் விடை இல்லை. அதற்கு மாற்றாக 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் விடை இல்லை. விடை எழுதும் பொறுப்பு மாநில அரசுகள் வகுக்கும் விதிகளிடம் விடப்பட்டுள்ளது.

பட்டியலில் என்ன உள்ளது?: மாதிரி வாடகைச் சட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ல் ஒப்புதல் அளித்தது. நிலமும், வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உறவும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் வருவதால், இதை நாடாளுமன்றம் நேரடியாகச் சட்டமாக்கவில்லை. மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரியாகவே இது அனுப்பி வைக்கப்பட்டது.

இதன் இரண்டாவது அட்டவணை இரு பகுதிகளைக் கொண்டது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு - ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின் கம்பி அமைப்பைப் பராமரித்தல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்தல், கழிப்பறை, கைகழுவும் தொட்டி ஆகியவற்றின் பழுது, சுவிட்ச், பிளக், கதவின் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை வாடகைதாரரின் பொறுப்பு.

இயல்பான தேய்மானம் நீங்கலாக, வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே வைத்திருக்க இரு தரப்பும் கடமைப்பட்டவை. உரிமையாளர் தம் கடமையைச் செய்யாவிட்டால், வாடகைதாரர் பழுது பார்த்து, அந்தச் செலவை வாடகையில் கழித்துக் கொள்ளலாம். ஆனால், எந்த ஒரு மாதத்திலும் இக்கழிவு ஒரு மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. வாடகைதாரர் தவறினால் உரிமையாளர் பழுது பார்த்து முன்பணத்தில் கழித்துக் கொள்ளலாம். குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பதும் இம்மாதிரிச் சட்டத்தின் முக்கிய அம்சம். தமிழகத்தில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஏறத்தாழ இதே பாணியில் அமைந்ததுதான்.

இது புதிய கொள்கையும் அல்ல. குத்தகை முடியும்போது, நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் நேர்ந்த மாற்றமும் நீங்கலாக, சொத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவு கூறுகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுச் சொற்களில் இருந்த கொள்கை, மாதிரிச் சட்டத்தில் பொருள்வாரிப் பட்டியலாக மாறியது என்பதே வேறுபாடு. பட்டியல் இருந்தால் வழக்கு குறையும் என்பது இதன் பின்னுள்ள கணக்கு.

வெளியே நிறுத்திய வரி: இதே மாதிரிச் சட்டத்தின் 3-வது பிரிவு, சட்டம் எவற்றுக்குப் பொருந்தாது என்பதைச் சொல்கிறது. நிறுவனம், பல்கலைக்கழகம் அல்லது அமைப்பு ஒன்று தனக்குச் சொந்தமான கட்டடத்தைப் பணி ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகத் தன் ஊழியர்களுக்கு அளித்திருந்தால், அதற்கு இச்சட்டம் பொருந்தாது.

தலைநகரில் அதிகாரிகளுக்கான குடியிருப்புகளையும், ஆலை நகரங்களில் உள்ள ஊழியர் குடியிருப்புகளையும் மனத்தில் கொண்டு பார்த்தால் இதில் குறை காண்பதற்கில்லை. அங்கே குடியிருப்புகளைப் பராமரிப்பதற்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. புகார்ப் பதிவேடு உண்டு. ஒப்படைக்கும்போது பொருள்களைச் சரிபார்க்கும் முறையும் உண்டு. ஆனால், தேயிலைத் தோட்ட லயமும் சட்டத்தின் பார்வையில் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கே குடியிருப்பவர் வாடகைதாரர் அல்ல. வேலையின் காரணமாக இருக்க அனுமதிக்கப்பட்டவர். வேலை முடிந்தால் அனுமதியும் முடியும்.

"வழங்கிப் பராமரிக்க வேண்டும்": வாடகைச் சட்டம் கைவிட்ட இடத்தில் தொழிலாளர் சட்டம் கைகொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15-வது பிரிவு, தோட்டத்தில் வசிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரது குடும்பத்துக்கும் தேவையான வீட்டு வசதியை வழங்கிப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை என்று கூறியது. வீட்டின் தரம், வீடு கட்டும் இடத்தின் தேர்வு, வாடகை வசூலிப்பதாக இருந்தால் அதை நிர்ணயித்தல் ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 16-வது பிரிவு மாநில அரசுகளுக்கு அளித்தது. கேரளம் 1959-ல் தன் விதிகளை வகுத்தது.

"பராமரிக்க" என்ற ஒரே சொல்லில் கூரை முதல் தாழ்ப்பாள் வரை எல்லாம் அடங்கும் என்று தொழிலாளர் தரப்பு வாதிடலாம். அன்றாட உபயோகத்தில் தேய்பவை அடங்கா என்று நிர்வாகத் தரப்பு வாதிடலாம். இரண்டில் எது சரி என்பதைத் தீர்க்கச் சட்டத்தில் அட்டவணை இல்லை. எத்தனை நாளில் பழுது நீக்க வேண்டும் என்ற காலக்கெடுவும் இல்லை.

இதே சட்டம் மருத்துவ வசதியை எவ்வாறு கையாண்டது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. தோட்ட உரிமையாளர் மருத்துவ வசதி செய்து தரத் தவறினால், தலைமை ஆய்வாளர் தாமே அவ்வசதியைச் செய்து கொடுத்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று 10-வது பிரிவு கூறியது. வீட்டைப் பற்றிய 15-வது பிரிவில் அப்படி ஒரு வாசகம் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து தராத நிர்வாகத்துக்காக அரசு மருந்து வாங்கலாம். ஒழுகும் கூரைக்காகத் தகரம் வாங்க முடியாது என்பதே இதன் பொருள்.

லயத்தில் நடப்பது என்ன?: மூணாறை அடுத்த பள்ளிவாசல், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940-ல் இயங்கத் தொடங்கிய ஊர். தேவிகுளம் வட்டத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் தேயிலை எஸ்டேட்டுகளில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனி, திண்டுக்கல் பகுதிகளிலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தோர். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் இருந்தன. மொழி தமிழாகவும் மாநிலம் கேரளமாகவும் அமைந்த இவர்களில் பலருக்கு மலையிலும் நிலமில்லை. கீழே பூர்விக ஊரிலும் வீடில்லை.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளே லயம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையலிடம், முன்புறம் ஒரு திண்ணை என்பதே பழைய அமைப்பு. பல லயங்கள் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டவை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைமைகளையும் ஒதுக்கிவிட்டு "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் நடத்திய போராட்டம், 20 சதவீத போனஸ் கோரிக்கைக்காக நாடு முழுவதும் பேசப்பட்டது. அப்போது அவர்கள் எழுப்பிய குறைகளில் லயங்களின் நிலையும் ஒன்று. போனஸ் பிரச்னை ஒன்பது நாளில் தீர்ந்தது. கூரைப் பிரச்னை அவ்வாறு தீரவில்லை.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலைகளில் கொட்டித் தீர்க்கும். எஸ்டேட் அலுவலகத்தில் புகார் சொல்லி, ஆள் வந்து பார்த்து, தகரமும் ஆணியும் வந்து சேரும் வரை மழை காத்திருக்காது. எனவே, தார்ப்பாய் வாங்கிக் கட்டுவதும், ஓட்டையை அடைப்பதும், காற்றில் தகரம் பறக்காமல் கல் ஏற்றுவதும் குடியிருப்பவரின் வேலையாகிவிடுகின்றன. பிள்ளைகள் வளர்ந்து திருமணமானால் திண்ணையை அடைத்து அறையாக்குவதும் உண்டு. இச்செலவுகளுக்கு ரசீது இல்லை, பதிவும் இல்லை. குடியேறிய நாளில் அந்த அறை எந்த நிலையில் இருந்தது என்பதற்கும் எழுத்துபூர்வமான சான்று எதுவும் தொழிலாளியின் கையில் இருப்பதில்லை.

பணிக்கொடையே முன்பணம்: இச்சிக்கல் முற்றுவது ஓய்வுபெறும் நாளில்தான். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால்தான் பணிக்கொடை தரப்படும் என்று நிர்வாகங்கள் கூறுவதாகவும், பணிக்கொடை கையில் வந்தால்தான் வேறு வீடு பார்த்துக் காலி செய்ய முடியும் என்று தொழிலாளர்கள் கூறுவதாகவும் தோட்டத் தொழிற்சங்கங்கள் நீண்ட காலமாக முறையிட்டு வருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன.

1972-ம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம், பணிக்கொடை வழங்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்றும், தாமதித்தால் வட்டி தர வேண்டும் என்றும் கூறியது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 30 நாள் கெடுவைத் தக்கவைத்துள்ளது. உரிமையாளரின் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரின் பணிக்கொடையில், சேதத்தின் அளவுக்குப் பிடித்தம் செய்யலாம். வயது முதிர்ந்து இயல்பாக ஓய்வு பெறுபவருக்கு இது பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். பணிக்கொடை என்பது ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கு 450 நாள் ஊதியம் சேரும். மாதிரிச் சட்டத்தின்படி நகரத்து வாடகைதாரர், சிறு பழுதுகளுக்கான பிணையாக உரிமையாளரிடம் விட்டு வைப்பது அதிகபட்சம் இரண்டு மாத வாடகை. லயத்தில் குடியிருப்பவர், ஓர் அறையை ஒப்படைப்பதற்கான பிணையாக 450 நாள் ஊதியத்தை விட்டு வைக்க நேர்கிறது. முன்பணத்துக்கு உச்சவரம்பு விதித்த நாட்டில், முன்பணம் என்று பெயரிடப்படாத இத்தொகைக்கு வரம்பு இல்லை.

நீதிமன்றங்கள் கூறியது என்ன?: இவ்விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் ஒரே திசையில் செல்லவில்லை. ஆர். கபூர் வழக்கில் 1994-ல், குடியிருப்பைக் காலி செய்யாதது தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் உள்ளது என்பதற்காகப் பணிக்கொடையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2005-ல் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழக வழக்கில், கெடு கடந்தும் காலி செய்யாத முன்னாள் ஊழியரிடம் அபராத வாடகையைப் பணிக்கொடையிலிருந்து பிடித்தம் செய்ததை ஏற்றுக் கொண்டது. 2020 டிசம்பரில் இந்திய உருக்கு ஆணைய நிறுவன வழக்கில், அபராத வாடகை என்பது கெடு கடந்து தங்குவதன் இயல்பான விளைவு என்றும், அதை நிலுவைத் தொகைகளில் ஈடுகட்டலாம் என்றும் கூறியது.

இவ்வழக்குகளில் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றில் குடியிருந்தோர் அரசு அல்லது பொதுத்துறை நிறுவன ஊழியர்கள். குடியிருப்புக்கு வரையறுக்கப்பட்ட விதிகள் இருந்தன. காலி செய்யும் கெடு எழுத்தில் இருந்தது. அதிகாரியின் குடியிருப்புக்காக வகுக்கப்பட்ட நியதியை, தினக்கூலி பெற்று ஓய்வுபெறும் தொழிலாளியின் ஓரறை லயத்துக்கு அப்படியே பொருத்தினால், ஒரு தட்டில் அபராத வாடகை ஏறும்; மறு தட்டில் அவர் முப்பது ஆண்டுகள் பார்த்த பழுதுகளுக்கு எதுவும் ஏறாது.

குடியிருப்பவரின் தவறு: சிறு பழுதுகளைப் பதிவு செய்யாததன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை, உயிரையும் தொடுகிறது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-ம் ஆண்டுத் திருத்தம் மூலம் 16-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நிர்வாகம் அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலும் காயமடைந்தாலும் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு இரு விலக்குகள் உண்டு. குடியிருப்பவரின் தவறு மட்டுமே நேரடிக் காரணமாக இருந்தாலோ, இயற்கைச் சீற்றம் மட்டுமே நேரடிக் காரணமாக இருந்தாலோ இழப்பீடு இல்லை. இதே வாசகம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 75-வது பிரிவாகத் தொடர்கிறது.

இங்கேதான் தார்ப்பாயும் கல்லும் சட்டப் பிரச்னையாகின்றன. கூரையில் ஏற்றிய பாரமும், திண்ணையை அடைக்க இடித்த சுவரும் "குடியிருப்பவரின் தவறு" என்று வாதிடப்படலாம். அந்தப் பாரம் ஏன் ஏற்றப்பட்டது, அதற்கு முன் எத்தனை முறை புகார் கூறப்பட்டது என்பதற்கு ஆவணம் இல்லை. புகார்ப் பதிவேடு ஒன்று இருந்தால் வழக்கின் போக்கே மாறும்.

இரண்டாவது விலக்கை நினைவூட்டிய நிகழ்வு பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி பிரிவில் நிலச்சரிவு லயங்களை மூடியது. 66 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன; கிடைக்காத நால்வரையும் சேர்த்து உயிரிழந்தோர் 70 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தப்பிய குடும்பங்களில் எட்டுக் குடும்பங்களுக்கு, அரசு ஒதுக்கிய நிலத்தில் கண்ணன் தேவன் நிறுவனம் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடுகள் கட்டிக் கொடுத்தது.

அந்த நிலச்சரிவைத் தாழ்ப்பாளோ தகரமோ தடுத்திருக்காது. அது இயற்கைச் சீற்றமே. ஆனால், மழைக்கு முன் லயங்களை ஆண்டுதோறும் பரிசோதித்து எழுதி வைக்கும் கட்டாயம் இருந்திருந்தால், சுவரின் ஈரத்தோடு சரிவின் ஆபத்தும் யாரேனும் ஒரு அதிகாரியின் கண்ணில் பட வாய்ப்பு இருந்திருக்கும். வீட்டுக்கான இடத் தேர்வும் மாநில விதிகளின் கீழ் வரும் விஷயம் என்பது குறிப்பிடத்தக்கது.

நாற்பத்தேழு நாள்கள்: பெட்டிமுடி நிலச்சரிவு நிகழ்ந்த 47-வது நாளில், 2020 செப்டம்பர் 22-ல், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பு மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. அப்போதைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார் கொண்டுவந்த மூன்று மசோதாக்கள் அன்று ஒரே நாளில் நிறைவேறின. மாநிலங்களவை மறுநாளே ஒப்புதல் அளித்தது. வேளாண் மசோதாக்கள் தொடர்பாக மாநிலங்களவை உறுப்பினர்கள் எட்டுப் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. கேரளம், தமிழகம், அசாம், மேற்கு வங்கம் ஆகிய தோட்ட மாநிலங்களின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் லயத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருக்கக் கூடிய தருணம் அது. கேட்க ஆளில்லாத அவையில் தோட்டத் தொழிலாளர் சட்டம் உள்பட 13 சட்டங்கள் ஒன்றாகச் சுருக்கப்பட்டன.

புதிய சட்டத்தின் 92-வது பிரிவு, குடிநீர், சமையலறை, கழிப்பறையுடன் கூடிய வீட்டு வசதியை உரிமையாளர் தோட்டத் தொழிலாளிக்கு அளிக்க வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் எனக் கூறுகிறது. சமையலறையும் கழிப்பறையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது முன்னேற்றமே. அரசின், உள்ளாட்சியின் திட்டங்கள் வழியாகவும் உரிமையாளர் இவ்வசதிகளைச் செய்து தரலாம் என்பது புதிய சலுகை. ஆனால், கட்டிய பின் யார் எதைப் பழுது பார்ப்பது என்பது அன்று போலவே இன்றும் மௌனத்தில் உள்ளது. அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் கட்டப்பட்ட வீட்டின் கூரைக்கு நிர்வாகம் பொறுப்பா, ஊராட்சி பொறுப்பா என்ற மூன்றாவது கேள்வியும் இப்போது சேர்ந்துள்ளது.

நான்கு தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, அவற்றைக் கேரளத்தில் செயல்படுத்தப் போவதில்லை என்று அம்மாநிலத்தின் அன்றைய தொழிலாளர் துறை அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்தார். தொழிலாளர் உரிமைகள் நீர்த்துப்போகின்றன என்பது அவர் தரப்பு வாதம். அந்த எதிர்ப்பின் நியாயம் எதுவாயினும், விதி வகுக்காமல் இருப்பதால் லயத்துக்கு லாபம் இல்லை. பழைய விதிகள், புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்குத் தொடரும் என்பதே பொதுச் சட்ட நிலை.

நிர்வாகங்களின் வாதம்: தோட்ட நிர்வாகங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகிய செலவுகளைத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்கின்றன. ஓய்வு பெற்றவர் காலி செய்யாவிட்டால் அடுத்து வேலைக்கு வருபவருக்கு அறை இல்லை. குடியிருப்பவர்கள் அனுமதியின்றிக் கட்டடத்தை மாற்றுவதும் உண்டு.

இவற்றில் எதுவும் பட்டியல் வகுப்பதற்குத் தடையல்ல. மாறாக, எது நிர்வாகத்தின் பொறுப்பு அல்ல என்பதை எழுத்தில் சொல்லும் பட்டியல் நிர்வாகத்துக்கும் பாதுகாப்பே. அனுமதியற்ற மாற்றம் எது என்பதை நிறுவவும் தொடக்க நிலைப் பதிவு தேவை.

குத்தகையே முடிந்தால்?: பீர்மேடு பகுதியில் 2000-ம் ஆண்டையொட்டி மூடப்பட்ட தோட்டங்களில், நிலுவைத் தொகைகள் கிடைக்காத தொழிலாளர்கள் சிதிலமடைந்த லயங்களிலேயே தங்கிவிட்டனர். "பராமரிக்க" வேண்டிய உரிமையாளர் அங்கே இல்லை. பெரிய பழுதும் சிறிய பழுதும் குடியிருப்பவரின் தலையில்தான்.

தமிழகத்தின் மாஞ்சோலையில் நிலைமை வேறு வகை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுகளுக்கு அளித்த குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்கப்பட்டு, வீடுகளைக் காலி செய்யுமாறு கூறப்பட்டது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. நிலத்தை அரசிடம் எந்த நிலையில் ஒப்படைப்பது என்பது நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வீட்டைக் காத்தவர்களுக்கு அக்கணக்கில் பத்தி இல்லை.

உலக வழக்கு: பணியோடு பிணைந்த வீட்டின் ஆபத்தை உலகம் அறியாததல்ல. தோட்டங்கள் குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1958-ம் ஆண்டு உடன்படிக்கை, பணி முடிந்த தொழிலாளிக்கு வீட்டைக் காலி செய்ய நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. உரிமையாளரே வீடு அளிக்கும் முறை பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்று அதே அமைப்பின் 1961-ம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. தொலைவான இடங்கள் போன்ற சூழல்களுக்கு விலக்கு அளிக்கிறது.

இங்கிலாந்தில் பண்ணை வேலையோடு பிணைந்த குடில்களில் வசித்தவர்களுக்கு 1976-ம் ஆண்டுச் சட்டம் குடியிருப்புப் பாதுகாப்பு அளித்தது. இலங்கை மலையகத்தில் லயன் அறைகளுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டும் பணிக்கு இந்தியாவே நிதி அளிக்கிறது. முதலில் 4 ஆயிரம் வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தது மேலும் 10 ஆயிரம் வீடுகள். கடல் கடந்த தமிழ்த் தொழிலாளிக்கு லயன் அறை தகுந்ததல்ல என்று ஒப்புக்கொண்ட அரசு, தேவிகுளத்துத் தொழிலாளியின் லயத்துக்கு ஒரு பழுதுப் பட்டியலாவது தரக் கடமைப்பட்டுள்ளது.

செய்யக் கூடியது என்ன?: இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 92-வது பிரிவின் கீழ் மாநில அரசு வகுக்கும் விதிகளில் நான்கு அம்சங்கள் இடம்பெற்றால் போதும்.

முதலாவது, மாதிரி வாடகைச் சட்டத்தில் உள்ளது போன்ற இரு பகுதி அட்டவணை. கூரை, சுவர், மின் கம்பி, கழிப்பறைக் குழி ஆகியவை நிர்வாகத்துக்கு. தாழ்ப்பாள், குழாய் வாஷர், சுவிட்ச் ஆகியவை குடியிருப்பவருக்கு என்று தெளிவாகப் பிரிக்கலாம். இரண்டாவது, குடியேறும் நாளிலும், ஆண்டுதோறும் மே மாதத்திலும் வீட்டின் நிலையைக் குறித்து இரு தரப்பும் கையொப்பமிடும் பதிவு. அதன் ஒரு பிரதி, தொழிலாளிக்குப் புரியும் தமிழில் அவர் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, நிர்வாகம் செய்ய வேண்டிய பழுதைக் குறித்த நாளுக்குள் செய்யாவிட்டால், தொழிலாளி செய்த செலவை ஈடு செய்வதும், மருத்துவ வசதிக்கு இருந்தது போல ஆய்வாளரே தலையிடுவதும். நான்காவது, வீட்டை ஒப்படைப்பதையும் பணிக்கொடையையும் தனித்தனியே பிரிப்பது. பழுதுக்கான பிடித்தம் ஏதேனும் இருந்தால், அது பதிவின் அடிப்படையில், இரு மாத வாடகைக்கு ஈடான சிறு தொகை போன்ற ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. ஒரு பதிவேடும், இரு கையொப்பங்களும், பருவமழைக்கு முன் ஒரு நாள் ஆய்வும் போதும். தில்லியில் வாடகைக்குக் குடியிருப்பவரின் குழாய் வாஷரைப் பற்றி யோசிக்க மத்திய அரசுக்கு நேரம் இருந்தது. பள்ளிவாசலின் லயத்துக் கூரையைப் பற்றி யோசிக்கும் முறை இப்போது திருவனந்தபுரத்துக்கு. அடுத்த ஜூன் மழை தொடங்கும் முன் அது நடக்குமா என்பதே அந்த மலைகளில் குடியிருப்போரின் கேள்வி.